சராசரியைக் கெடுத்த கேரவன்

எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒரு தம்பதி ஞாயிறுதோறும் சுற்றுலா போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி மட்டும் ஓரடி நகராது. சி பிளாக் கௌசிக் அண்ணா கேரவனுக்குள் விளக்கைப் போட்டு, மடக்கு மேசையை விரித்து, உள்ளே இருக்கும் குட்டி அடுப்பில் டீ வைப்பார். அவர் மனைவி தாரணி அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே நிற்கும் தூணைப் பார்த்துக்கொண்டிருப்பார். தூணுக்குப் பின்னால் கடல் இருப்பதாக அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

நான் சங்கச் செயலாளர், பிரவீணா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று குடியிருப்பில் பேச்சு உண்டு, அதில் பொய் இல்லை. "இந்த வாரம் எந்த ஊருக்குங்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் கடப்பேன். "தூத்துக்குடி அம்மணி, ஒரே வெயிலு" என்பார் அவர், சிரிக்காமல்.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் வைத்திருப்பது நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதல்ல. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லிச் செய்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். அதை இழுப்பதற்கென்றே ஒரு பழைய ஜீப்பையும் அண்ணா விற்காமல் வைத்திருந்தார். பின்னால் இழுவைக் கொக்கி இருந்த வண்டி எங்கள் குடியிருப்பிலேயே அது ஒன்றுதான். அந்த ஜீப்பால்தான் எனக்கும் அவருக்கும் வருஷக்கணக்கில் வாய்த்தகராறு.

காரணம் மைலேஜ் சட்டம். வண்டிகள் எல்லாம் பெட்ரோலை விட்டுக் கரும்புச் சாராயத்தில் ஓட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு லிட்டருக்குப் பின்னாலும் ஒரு வயலும் அதற்குப் பாய்ந்த தண்ணீரும் இருந்தன. தண்ணீர் குறையக் குறைய, சாராயத்துக்கும் அளவு வந்தது. முதலில் அது கம்பெனிகளின் தலைவலியாக இருந்தது. விற்கிற வண்டிகள் அத்தனையும் சேர்ந்து சராசரியாக இன்ன மைலேஜ் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். கம்பெனிகள் கனமான வண்டிகளை நிறுத்தின, இழுவைக் கொக்கிகளைக் கழற்றின, அப்படியும் எட்டவில்லை என்று கையை விரித்தன. வண்டி நல்ல வண்டிதான், ஓட்டுகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்று போய் முறையிட்டன. தலைவலி எங்கள் தலைக்கு மாறியது.

இப்போது ஒரு குடியிருப்புக்கு ஒரு கணக்கு. எல்லா வீட்டு வண்டிகளும் ஓடிய தூரத்தைக் கூட்டி, குடித்த சாராயத்தால் வகுத்தால் வருவது எங்கள் சராசரி. அது சட்டம் போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கினால் அடுத்த மாதம் முழுக்க யார் வண்டியும் கோயமுத்தூர் எல்லையைத் தாண்டாது. தானாகவே நின்றுவிடும். மாதாமாதம் எங்களைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அந்த ஜீப்தான். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதற்கே ஊர்ப்பட்ட சாராயத்தைக் குடித்துவிடும்.

"வித்துப்போட்டு ஒரு சின்ன வண்டி வாங்குங்ணா" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வேன்.

"வித்துட்டா கேரவன எத வெச்சு இழுக்கறது?"

"இப்ப மட்டும் இழுக்கறீங்களாக்கும்?"

அதோடு எழுந்து போய்விடுவார். ஜீப்பையும் விற்க மாட்டார்.

ஒரு பங்குனி ஞாயிறு வழக்கம்போல் கிண்டல் செய்யப் போன என்னை, "உள்ள வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க பிரவீணா" என்று தாரணி அக்கா கூப்பிட்டார். அன்றுதான் முதல்முறை உள்ளே போனேன். கதவு சாத்தியதும் காதில் ஒரு மெல்லிய இரைச்சல். கூரையில் காற்றை வடிகட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் தாரணி அக்காவின் அறையில் இருப்பதும் அதேதான். ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷம் பஞ்சுத் தூசியைக் குடித்த நுரையீரல். வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் இருந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும். ரயிலில், லாட்ஜில், சொந்தக்காரர் வீட்டில், எங்கேயும் அவரால் ஓர் இரவு தங்க முடியாது. உலகத்தில் அவர் தூங்கக்கூடிய அறைகள் இரண்டு. அவற்றில் ஒன்றுக்குச் சக்கரம் இருந்தது.

"மழைக்காலம் வந்துச்சுன்னா வீட்ட விட்டே எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க" என்றார் அண்ணா. "இந்தப் பார்க்கிங்குக்குக்கூட வர முடியாது. அதுக்குள்ள ஒருக்கா கடலப் பாக்க மண்டபம் ஊருக்குக் கூட்டிட்டுப் போலாம்னு பாக்கறேன். சங்கத்துல கேட்டுச் சொல்லுங்க."

கேரவனை மாட்டினால் ஜீப்பின் மைலேஜ் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரே பயணத்தில் எங்கள் சராசரி பாதாளத்துக்குப் போகும். அது அவருக்கும் தெரியும்.

"கடல்தானுங்க்கா, பொன்னானிக்குப் போனா பக்கந்தானே?" என்றேன். "பாலக்காட்டத் தாண்டுனா வந்துருமே."

"அங்க சூரியன் கடலுக்குள்ள முழுகுதுங்க" என்றார் தாரணி அக்கா. "எனக்கு அது வெளிய வர்றதப் பாக்கோணும். நைட் ஷிப்டு இல்லீங்களா, சூரியன் வர்ற நேரத்துல எல்லாம் நான் மில்லுக்குள்ளதான் இருப்பேன். ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்தா அது பாட்டுக்கு மேல நிக்கும். கேரவன் கட்டுன புதுசுல கெளம்புனோம். பரமக்குடி தாண்டையில மில்லுல இருந்து போனு. ஆள் இல்ல, உடனே வாங்கன்னு. சரி, அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்னு திருப்பிட்டோம். அடுத்த லீவுக்குள்ள சட்டம் வந்துருச்சு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன். முதலில் எழுந்தவர் ஏ பிளாக் செந்தூரன். கணக்கு வாத்தியார். மனிதர் கெட்டவர் இல்லை. அவர் மாமியார் தாராபுரத்தில் படுத்த படுக்கை, வாராவாரம் மனைவியோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"ஒரு மாசம் எல்லையத் தாண்ட முடியாதுன்னா எங்கம்மாவ யாருங்க பாக்கறது?" என்று அவர் மனைவி கேட்டார். ஒருத்தி கடலைப் பார்க்க வேண்டும், ஒருத்தி தாயைப் பார்க்க வேண்டும். இதில் எது பெரிது என்று நான் எங்கே போய்ச் சொல்வேன்? சட்டம் போட்டவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

கூட்டம் கலைகிற நேரத்தில் செந்தூரன் என் பக்கத்தில் வந்தார். முகத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சராசரிதானுங்க பிரச்சன? செலவக் கொறைச்சாத்தான் சராசரி ஏறும்னு இல்லீங்க. மைலேஜ் நல்லாக் குடுக்கற சின்ன வண்டிக ஜாஸ்தி தூரம் ஓடுனாலும் ஏறும். ஏ.சி. போடாம, ஒரே ஆளு, பிரேக்கத் தொடாம பைபாஸ்ல மெதுவா ஓட்டுனா ஒவ்வொரு வண்டியும் கோட்டுக்கு மேல எங்கயோ போயிரும். நாம எல்லாரும் சேர்ந்து ஏத்தி வெச்சா, அவங்க எறக்கிக்கலாம்."

"எங்கீங்க ஓட்டறது?"

"எங்கயும் இல்ல. சும்மா."

அப்படித்தான் ஆரம்பித்தது. விடிந்தும் விடியாமலும் எங்கள் வண்டிகள் வரிசையாகக் கிளம்பி நீலாம்பூர் பைபாஸில் ஏறும். வண்டிக்கு ஒருவர், கண்ணாடி இறக்கி, மாட்டுவண்டி வேகத்தில். அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வருவோம். வருஷக்கணக்கில் காரியம் இல்லாமல் வண்டியைத் தொடாதவர்கள் நாங்கள். காற்று முகத்தில் அடிக்க, எங்கேயும் போய்ச் சேர வேண்டாமல் ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. ரெண்டாம் வாரம் யாரோ இட்லி கட்டி வந்தார்கள். பைபாஸ் ஓரம் புளியமரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டோம். செந்தூரன் மனைவி எல்லோருக்கும் சட்னி ஊற்றினார். சராசரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

இதில் இருந்த கூத்து எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு கேரவனை மண்டபம் வரை இழுத்துவர ஆகும் சாராயத்தைப்போலப் பல மடங்கை நாங்கள் பைபாஸில் எரித்துக்கொண்டிருந்தோம். எந்தத் தண்ணீரைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ அந்தத் தண்ணீரை, சட்டப்படியே, சும்மா ஓட்டித் தீர்த்தோம். ஆனால் கணக்கு அழகாக இருந்தது. கணக்கு அழகாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டோம்.

கேட்டார்கள். மைலேஜ் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி போனில் வந்தார். சின்ன வயசுக் குரல், மரியாதையான பேச்சு.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கிளம்பின இடத்திலேயே வந்து நிக்கிற வெறும் ஓட்டத்தை சிஸ்டம் தள்ளிடுச்சு. உங்க குடியிருப்பு சராசரி பழைய இடத்துக்கே வந்திருக்கும், பாருங்க."

"ஒரு அம்மா கடலப் பாக்கறதுக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்; நுரையீரல், நைட் ஷிப்டு, பரமக்குடி.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குடிபெயர்வுக்கு விலக்கு இருக்கு மேடம். வீடு மாத்திட்டுப் போறவங்க ஒரு தடவை என்ன வேணா இழுத்துட்டுப் போலாம், சராசரியில சேராது. அங்கயே முகவரி மாத்திக்கணும். ஆனா ஒரு குடும்பத்துக்கு ஆயுசுல ஒரே தடவைதான். திரும்ப இழுத்துட்டு வர முடியாது. முன்னாடி நிறைய பேர் வீடு மாத்துறோம்னு சொல்லிட்டு ஊர் சுத்திட்டு வந்துட்டாங்க. அதனால இப்ப கிளம்பும்போது, திரும்பி வருவீங்களான்னு வண்டியே கேட்கும். கேட்டைத் தாண்டுற வரைக்கும் உள்ள பேசறது, வெளிய பேசறது எல்லாம் கேட்டுட்டே இருக்கும்."

அன்று சாயங்காலமே கேரவனில் போய்ச் சொன்னேன். கௌசிக் அண்ணா கேட்டு முடிக்கும் முன்பே தலையை ஆட்டினார்.

"அதெப்படீங்க? டாக்டரு இங்க இருக்காரு. ஆஸ்பத்திரி இங்க இருக்குது. அந்த உப்புக்காத்து இவளுக்கு ஒத்துக்குமோ என்னமோ. ஒத்துக்கலீன்னா திருப்பிக் கூட்டிட்டு வரக்கூட முடியாதே. வேண்டாம். விட்ருங்க."

தாரணி அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்கயே இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் மெதுவாக. "அந்த ரூமுல படுத்துட்டு இருப்பேன். மழ முடிஞ்சா திருப்பியும் படுத்துட்டு இருப்பேன். எனக்கு இந்த வீடு புடிக்கும். இவங்க எல்லாரும் வேணும். ஒரு வாரம் போயி இருந்துட்டு, வந்து எல்லார்கிட்டயும் சொல்லோணும்னுதான் எனக்கும் ஆசை. அப்படிக் கெடைக்காதுன்னு ஆயிப்போச்சு. கெடைக்கறது இதுதான்னா, இது போதுமுங்க."

அண்ணா அடுப்பை அணைத்தார், மறுபடி பற்றவைத்தார். டீ வைக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மண்டபத்தில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் கடற்கரைத் தென்னந்தோப்பில் இடம் கொடுத்தது. தண்ணீர், கரண்ட், ஒரு முகவரி. சித்திரை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்தார்கள்.

கிளம்பிய காலையில் குடியிருப்பே பார்க்கிங்கில் நின்றது. அண்ணா ஜீப்பில், அக்கா கேரவனுக்குள் ஜன்னலோர இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு. அவர் பேசினால் வெளியே கேட்கும்படி ஒரு குட்டி ஸ்பீக்கரை அண்ணா பொருத்தியிருந்தார். வண்டியைக் கிளப்பியதும் ஒரு பெண்குரல் சுத்தமான தமிழில் கேட்டது.

"இது குடிபெயர்வுப் பயணம். இந்த முகவரிக்குத் திரும்பி வரும் எண்ணம் உள்ளதா?"

"இல்ல" என்றார் அண்ணா.

"இல்லீங்க" என்றார் அக்கா.

இழுவைப் பூட்டு விடுபட்டது. கேரவன் மெல்ல நகர்ந்தது. அத்தனை வருஷம் ஒரே இடத்தில் நின்ற சக்கரங்கள் உருள்வதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வரும்போது அக்கா ஜன்னலில் கையை வைத்து எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்ப, போயிட்டு வர்றேனுங்க."

ஜீப் நின்றது.

"திரும்பி வரும் எண்ணம் பதிவாகியுள்ளது" என்றது குரல். "இழுவைக்கு அனுமதி இல்லை. மீண்டும் அறிவிக்கலாம்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் சிலர் சிரித்துவிட்டார்கள், அக்காவும் சிரித்தார். பக்கத்துத் தெருக்கடைக்குக் கிளம்பினாலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்? போகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த ஊரில் யார் வாசலைத் தாண்டுகிறார்கள்? அதிகாரிக்கும் தமிழ்தான், அவர் வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள். சட்டம் எழுதும்போது யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

மறுபடி அண்ணா "இல்ல" என்றார், அக்கா "இல்லீங்க" என்றார். வண்டி நகர்ந்தது. இந்தத் தடவை அக்கா வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். கேட் அருகே செந்தூரன் நின்றுகொண்டிருந்தார். பாவம், அவருக்கு நாக்கு முந்திக்கொண்டது.

"நல்லபடியா போயிட்டு வாங்க."

அதற்கு அக்கா, யோசிக்காமல், "சரீங்க" என்றார்.

ஜீப் நின்றது. செந்தூரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கௌசிக் அண்ணா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கேரவனின் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை தவறினால் வண்டி அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிவிடும், பிறகு விலக்கும் போய்விடும் என்று அந்தக் குரல் சொன்னது.

நான் முன்னால் போய் எல்லோரிடமும் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அறுபது வீட்டு ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்றாவது முறை "இல்ல", "இல்லீங்க". வண்டி நகர்ந்தது. கேட்டுக்கு அருகில் வந்தபோது அக்கா கையை ஆட்டவில்லை. பேசாமலே தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் சொல்லிக்கொள்ளாமல் போக அவருக்கு மனசு வரவில்லை.

"போறேனுங்க" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தெரியும்; சொல்வதற்கு எங்களுக்கு வேறு வார்த்தையும் இல்லை. கேரவன் கேட்டைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, மறைந்தது. ஒரு மனுஷியை, "போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பி வைத்தோம். செத்தவர்களை மட்டுந்தான் நாங்கள் அப்படி அனுப்புவது.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஜீப் கணக்கிலிருந்து போய்விட்டதால் எங்கள் சராசரி ஒரேயடியாக ஏறி, ஊரிலேயே முதலிடத்துக்கு வந்திருந்தது. இந்த மாதம் எங்கள் வண்டிகள் எந்தத் தூரமும் போகலாம். ஒருமுறை இழுவைக்கும் அனுமதி உண்டு என்று பரிசுபோல் எழுதியிருந்தார்கள். செந்தூரனிடம் காட்டினேன்.

"இது மட்டும் போன மாசம் வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா. அவர்கள் இருந்திருந்தால் இந்த மிச்சம் வந்திருக்காது.

அன்று மத்தியானம் தாரணி அக்கா போன் செய்தார். சூரியன் வெளியே வருவதைத் தினமும் பார்க்கிறாராம். முதல் நாள் அண்ணா எழுப்பிவிட்டாராம், இப்போதெல்லாம் தானாகவே விழித்துக்கொள்கிறாராம். "தண்ணிக்குள்ள இருந்து வர்றப்ப அது நனைஞ்சிருக்கும்னு நெனச்சேனுங்க. இல்ல" என்றார். மூச்சு கொஞ்சம் இழுத்தது. உப்புக்காற்றா, பேச்சுக் களைப்பா என்று நான் கேட்கவில்லை.

பேச்சுக்கு நடுவில், "அங்க சராசரி எப்படீங்க இருக்குது? எங்க ஜீப்பு போனதுல நல்லா ஏறியிருக்குமே?" என்றார்.

கடிதம் என் மடியில்தான் இருந்தது.

"எங்கீங்க்கா ஏறுது?" என்றேன். "எப்பவும் போலத்தான் கெடக்குது."

போனில் அலைச் சத்தம் கேட்டது.

"அப்ப இத்தன நாளா நாங்க யாருக்கும் பாரமா இருக்கலைன்னு சொல்லுங்க" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இருக்கலீங்க்கா" என்றேன்.